கீமோவுக்கு முன்னால் சில கேள்விகள்

எங்கள் சிலாங்கூர் மருத்துவமனையின் கீமோ பிரிவில் ஊசி குத்துவது சின்ன வேலை. குத்துவதற்கு முன்னால் நோயாளியிடமிருந்து உண்மையை வாங்குவதுதான் பெரிய வேலை. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் கெஞ்சும் மிஸ்ஸிகளுக்கு, அதாவது தாதியருக்கு, இதெல்லாம் புதிதில்லை. மற்றவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படலாம்.

எல்லாருக்கும் இருப்பது

முனியம்மாள் அக்கா பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கியவர். மார்பகப் புற்றுநோய். "வேற நோய் ஏதும் இருக்காக்கா?" என்று மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்று தலையாட்டினார். விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை பத்தொன்பது, மில்லிகிராம் கணக்கில் முந்நூற்று நாற்பதுக்கும் மேல். ஏழெட்டு இருந்தாலே நாங்கள் புருவத்தைத் தூக்குவோம். வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு கொடுக்கும் மருந்தே சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும்.

டாக்டர் இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, இன்சுலின் கொடுத்து, சர்க்கரை இறங்கிய பிறகுதான் தொடங்கினார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நோய் இருக்கான்னுதானே கேட்டீங்க மிஸ்ஸி. இனிப்பு நீரு எங்க லயத்துல எல்லாருக்கும் இருக்குலா."

சாந்தி அக்காவின் சந்தேகம்

ராஜு அண்ணன் அசாம் ஜாவாவில் லோரி ஓட்டுபவர். நிணநீர்ப் புற்றுநோய். இதயக் கோளாறு உண்டா என்ற கேள்விக்கு, "கல்லு மாதிரி இருக்கு" என்றார். கையில் ஊசி ஏற்றியாகிவிட்டது. சிவப்பு நிறக் கீமோ மருந்தை இணைக்கப் போகும் நேரத்தில் அவர் மனைவி சாந்தி அக்கா மெதுவாகக் கேட்டார்: "மிஸ்ஸி, இவரு ஹார்ட் மாத்திரைய இன்னைக்குச் சாப்பிடலாமா?"

என் கை நின்றுவிட்டது. மூன்று வருடம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சொன்னால் கீமோ தரமாட்டார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார் மனுஷன். அந்தச் சிவப்பு மருந்தோ இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடியது. ஸ்கேன் செய்தால் ஏற்கெனவே இதயம் தளர்ந்துதான் இருந்தது. டாக்டர் மருந்தையே மாற்றினார். காட்டிக்கொடுத்த கோபத்தில் அண்ணன் மனைவியோடு இரண்டு வாரம் பேசவில்லையாம்.

ஆறு சுற்றும் முடிந்து, கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இவ வாய மூட மாட்டாளான்னு முப்பது வருஷமா சலிச்சுக்கிட்டேன் மிஸ்ஸி. நல்லவேளை, மூடல."

பச்சைத் தண்ணீர்

சிறுநீரகத்தின் வேலை ஏற்கெனவே பாதியாகிவிட்ட எலிசபெத் அக்கா, பெரிய போத்தலில் பச்சையாக எதையோ குடித்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து ஐந்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு இலையை அரைத்துக் கொடுத்ததாம். அன்று ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் இன்னும் மோசம். கீமோ கிடையாது என்று திருப்பி அனுப்பினோம். இனி ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது என்றேன். "நான் நிறுத்திடுறேன் மிஸ்ஸி. குடுக்கிறவங்கள யாரு நிறுத்துறது?"

ஒரு போன்

கோலா சிலாங்கூரில் பள்ளி பஸ் ஓட்டும் ஆரோக்கியம் அண்ணனுக்கு, கீமோவுக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி தெரிந்தது. கல்லீரலில் சத்தமில்லாமல் கிடக்கும் கிருமி, கீமோ கொடுத்தால் விழித்துக்கொள்ளும். அதை அடக்க மாத்திரை உண்டு, பயமில்லை என்றேன். ஆனால் அம்மாவிடமிருந்து பிறப்பிலேயே வந்திருக்கலாம், கூடப் பிறந்தவர்களும் சோதிக்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. அம்மாவின் வீட்டுக்காகச் சண்டை போட்டு, தம்பியோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த மாதம் அண்ணனின் பையைத் தூக்கிக்கொண்டு தம்பியும் கூடவே வந்தார். தம்பிக்கும் அதே கிருமி. கல்லீரல் கெடத் தொடங்கியிருந்தது, நல்ல நேரத்தில் மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி என்னிடம் சொன்னது: "ஆறு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு, 'ரத்தம் எடு'ன்னாரு. சண்டைக்குத்தான் வர்றாருன்னு மொதல்ல போனை வெச்சுட்டேன் மிஸ்ஸி."

இத்தனை பேரைத் துருவித் துருவிக் கேட்ட நான், போன மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில் என் பிரஷர் மாத்திரையைச் சொல்ல மறந்தேன் என்பதை மட்டும் இவர்களில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.