தகப்பனிடம் சொன்னேன்

பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளை எந்த விசரன் கண்டுபிடித்தானோ தெரியாது. என் கையில் அகப்பட்டிருந்தால் நாலு கேள்வி நல்லாய்க் கேட்டிருப்பேன். ஆனால் இந்தக் கதையில் பிழை அவனிலும் இல்லை, வண்டியிலும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்தோம். அப்போது அங்கே வீடுகளைவிடக் கோழிப்பண்ணைகள்தான் அதிகம். நான் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டொக்டர். கணவர் எஞ்சினியர். பக்கத்து வீட்டில் ஒரு தகப்பனும் மகனும் மட்டும். வெள்ளைக்காரர்கள்தான், ஆனால் நாங்கள் குடிவந்த அன்றே வேலிக்கு மேலால் ஒரு பை எலுமிச்சம்பழம் நீட்டிய மனிதர்கள். அவர்கள் பேசியது இங்கிலீசு. எனக்கு ஞாபகத்தில் இருப்பதெல்லாம் என் தமிழில்தான் இருக்கிறது.

மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஸ்பீட்வே ஓட்டுபவன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முட்டை வடிவ மண் பாதை, நாலு பேர், நாலு சுற்று. வண்டிக்குப் பிரேக் இல்லை, ஒரே கியர். இடது பக்கம் மட்டுந்தான் திரும்பலாம். பின்சில்லு பக்கவாட்டில் வழுக்க வழுக்க, இரும்புத் தகடு பூட்டிய இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு போவார்கள். எஞ்சினுக்கு விடுவது ஆமணக்கெண்ணெயில் செய்த ஒயில். பின்வளவுக் கொட்டிலில் அவன் வண்டியை முறுக்கினால் அந்த மணம் எங்கள் குசினிவரை வரும். “இஞ்சேரும், பக்கத்து வீட்டு வண்டிக்குப் பேதி குடுக்கினம்” என்பார் என் கணவர்.

தகப்பனும் ஒருகாலத்தில் ஓட்டியவர். உலக யுத்தம் முடிந்த கையோடு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் ஓர் அணியில் சேர்ந்தவர். அந்த சீசனைப் பற்றித் தொடங்கினாரென்றால் பிறகு நிறுத்த முடியாது. குண்டு விழுந்த தெருக்கள், சீனிக்கும் வெண்ணெய்க்கும் பங்கீட்டு அட்டை, ஆனால் பந்தய நாளில் மைதானம் கொள்ளாத சனம். மழை பெய்தாலும் ஒருத்தரும் எழும்பிப் போகமாட்டார்களாம். முதல் வளைவில் அவர் முந்தினால் முழு மைதானமும் அவர் பெயரைச் சொல்லிக் கத்துமாம். கதை எப்போதும் ஓகஸ்டில் நிற்கும். ஓகஸ்டில் விழுந்து தொடையெலும்பு முறிந்து, மிச்ச சீசனைக் கட்டிலில் கிடந்து ரேடியோவில் கேட்டவர். “ஒரு சீசன். முழுசாய் ஒரு சீசன் ஓடியிருந்தால் நான் வேற ஆளாய் இருந்திருப்பன், டொக்டர்” என்று என்னிடமே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருடம் மகனுக்கு இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த சீசனுக்கு ஓர் அணியில் இடம். தகப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டித் திரிந்தார். கடிதம் வந்து ஒரு கிழமை ஆகவில்லை, பயிற்சியில் பெடியன் விழுந்தான்.

நான் வேலையில் நின்ற நேரம் இரண்டு பேரும் வந்தார்கள். “கொஞ்சம் கழுத்துப் பிடிச்சிருக்கு, வேற ஒண்டுமில்லை” என்று சிரித்தான். படம் எடுத்தோம். கழுத்தின் இரண்டாவது எலும்பில் நிற்கவேண்டிய முளை அதோடு ஒட்டாமல் தனியே நின்றது. பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம். எலும்பு நிபுணர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவன் இனி வண்டியில் ஏறவே கூடாது. இன்னுமொருதரம் விழுந்தால் கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விடும். உனக்குத் தெரிந்தவன்தானே, நீயே சொல்லிவிடு.”

இங்கேதான் நான் அந்தப் பிழையை விட்டேன். ஊரில், நான் வேலை பழகிய ஆஸ்பத்திரியில், கெட்ட செய்தியை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லுகிற டொக்டரை நான் கண்டதில்லை. “கூட வந்தது ஆர்?” என்று கேட்டு, அந்த ஆளை விறாந்தைக்குக் கூப்பிட்டுத்தான் சொல்லுவோம். எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்பது வீட்டாரின் பொறுப்பு. அதுதான் மரியாதை, அதுதான் இரக்கம் என்று நான் நம்பியிருந்தேன். பெடியனைச் சட்டையைப் போடச் சொல்லிவிட்டுத் தகப்பனை வெளியே கூப்பிட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் சொல்லுறன் அவனுக்கு” என்றார். “நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். என்னிட்டை விடுங்கோ.”

எனக்கு எவ்வளவு நிம்மதி! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. உள்ளே போய்க் கோப்பில் ‘அறிவிக்கப்பட்டது’ என்று எழுதினேன். யாருக்கு என்று எழுதவில்லை.

இரண்டு கிழமையில் கொட்டிலில் திரும்பவும் எஞ்சின் சத்தம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேலியடிக்குப் போய்த் தகப்பனிடம் கேட்டேன். “சொல்லிப்போட்டன். விக்கிறதுக்கு முன்னம் வண்டியைச் சரிபண்ணுறான்” என்றார். பிறகு, மகன் மெக்கானிக்காகத்தான் இங்கிலாந்துக்குப் போகிறான் என்றார். அப்படிச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைத் தேடவில்லை.

“பெடியனிட்டையே ஒருக்கால் கேளுமன்” என்றார் என் கணவர்.

“தகப்பன் பொய் சொல்லுவாரே? பெத்த பிள்ளையின்ர விசயத்திலை? சும்மா இருங்கோ நீங்கள்” என்று அவர் மேல் பாய்ந்தேன்.

மாசி மாதம் அவன் போனான். காரில் பையை ஏற்றிவிட்டு ஓடிவந்து, “கழுத்து இப்ப நல்லாய் இருக்கு, டொக்டர், தாங்ஸ்” என்றான். நான் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். மெக்கானிக்குக்குக் கழுத்து நல்லாய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எனக்கு ஏன் தாங்ஸ் சொல்கிறான் என்று யோசித்திருக்கலாம். சந்தோசமாய்ப் போட்டு வா என்றேன்.

ஆனி மாதத்தில் அங்கே பந்தயத்தில் விழுந்தான். பெரிய விபத்துக்கூட இல்லை. முன்னால் போனவனின் பின்சில்லில் முட்டிச் சரிந்தான், அவ்வளவுதான். மூச்சு தப்பியது. கையும் காலும் போயின.

மாதக்கணக்காய் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவன் வந்த அன்று தகப்பன் எங்கள் குசினிக் கதவைத் தட்டினார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“நான் அவனுக்குச் சொல்லேல்லை” என்றார். “உங்கட ஆஸ்பத்திரியிலையிருந்து அவனுக்கு வந்த கடிதத்தையும் நான்தான் எடுத்து ஒளிச்சனான். ஒரு சீசன் மட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன்.”

நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று ஞாபகமில்லை. பாதி இங்கிலீசு, பாதி தமிழ். நாசமாய்ப் போவாய் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

“இவனைக் குளிப்பாட்ட, திருப்பிப் படுக்கவைக்க, சாப்பாடு தீத்த, என்னை விட்டால் ஆர் இருக்கினம்?” என்றார் கடைசியில். “எனக்கு முதலே தெரியும் எண்டு அறிஞ்சால் என்னைக் கிட்ட வரவிடமாட்டான். பிறகு சாகுமட்டும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், டொக்டர்.”

அவர் கும்பிடவில்லை. அவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் தமிழில் ஞாபகம் வைத்திருப்பதால் கும்பிட்டதாகவே இருக்கிறது. நான் கதவைச் சாத்தினேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பார்க்கப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். அந்தப் பெரிய தோள் எல்லாம் வற்றிப் போயிருந்தது. தகப்பன் பக்கத்தில் சூப்புக் கோப்பையோடு இருந்தார். பெடியன் சுற்றிவளைக்கவில்லை.

“இங்கிலாந்து டொக்டர்மார் சொல்லுகினம், என்ர எலும்பு முதலே அப்பிடி இருந்திருக்கலாமாம். நீங்கள் எடுத்த படத்திலை ஏதும் தெரிஞ்சதா?”

கரண்டி அந்தரத்தில் நின்றது. தகப்பன் என்னைப் பார்க்கவில்லை, கரண்டியில் இருந்த சூப்பைப் பார்த்தார். இந்தமுறையாவது இவனிடம் நேரே சொல்லவேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வாசற்படிவரை அந்த எண்ணம் இருந்தது.

“இல்லை” என்றேன். “ஒண்டும் தெரியேல்லை.”

“அப்ப ஒருத்தரிலையும் பிழை இல்லை” என்று சொல்லிவிட்டு, தகப்பனின் கரண்டிக்கு வாயைத் திறந்தான்.