ஐடிலிங் சரியில்லை

அறுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய இங்கிலீஷ் காரை வாங்கி, சிராங்கூன் ரோடு பக்கம் வாடகைக்கு ஓட்டினார். அதற்கு முன் பல வருஷம் துறைமுகத்தில், கப்பலின் இரும்புச் சுவரில் சுத்தியலால் துருத் தட்டும் வேலை. அந்த இடிச் சத்தத்திலிருந்து மீண்டு வந்தவருக்குக் கார்தான் சாமி. வெள்ளிக்கிழமைகளில் எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டம் சீராக இருப்பதைக் கேட்ட பிறகுதான் கற்பூரம் காட்டுவார். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிப் புறப்படுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரத்தைக் கொளுத்தாமல் நின்றுவிட்டார்.

"ஐடிலிங் சரியில்ல. சத்தம் எறங்குது, நிக்கப்போவுது பாரு."

வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஓட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். எனக்கென்னவோ எப்போதும்போலத்தான் கேட்டது. காரைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடுவது அபூர்வம்.

அன்றிலிருந்து கார்பரேட்டரின் குட்டித் திருகைத் திருகித் திருகி ஓட்டத்தைக் கூட்டினார். எஞ்சின் அலறியது. பிள்ளை தூங்கவில்லை என்று மாடிவீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். பட்டறைக்காரர், "அண்ணே, வண்டி நல்லாத்தான் இருக்குலா," என்றதற்கு அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. "செவிடன் காதுல ஊதின சங்குதான்," என்று நான் கத்துவேன்.

கடைசியில் ஒரு காலை, பிளக்குகளைப் பார்க்கிறேன் என்று பானட்டைத் திறந்தார். ஓடுகிற எஞ்சினில் ஒரு பிளக்கின் வயரை உருவினால் எஞ்சின் திக்க வேண்டும். திக்கினால் பிளக் நல்லது. மாற்றமில்லை என்றால் அது செத்தது. நான் கோப்பியோடு பின்னால் நின்றேன். கண்ணை மூடி, காதைச் சாய்த்து, முதல் வயரை உருவினார். எஞ்சின் திக்கித் தடுமாறியது.

"மாத்தமே இல்ல. இது செத்துப்போச்சு," என்றார்.

அதை மாட்டிவிட்டு இரண்டாவது வயர். அதற்கும் எஞ்சின் தடுமாறியது. "இதுவும் போச்சு." மூன்றாவதற்கும் நான்காவதற்கும் அதையே சொன்னார். நாலும் செத்திருந்தால் வண்டி எப்படி ஓடும்?

"என்னங்க," என்றேன். பிறகு உரக்கக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே அழுதேன். சங்குப் பழமொழியை அதன்பின் நான் யாரிடமும் சொன்னதில்லை.

முந்தின வாரம் லாரி உரசிக் கதவு நசுங்கியிருந்தது. "ஹாரனே அடிக்காம வந்துட்டான்," என்று அவர் திட்டியதன் பொருள் இப்போது புரிந்தது. இனி இவரை ஓட்டவிட்டால் உயிர் தங்காது. ஆனால், காது போய்விட்டது, இனி ஓட்டாதீர்கள் என்று அந்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வேன்?

"இந்த எஞ்சின் இனிமே தேறாது. வித்துடுங்க," என்று அவர் காதருகே கத்தினேன். வெகுநேரம் பானட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சரி என்றார்.

வாங்க வந்த சீனர் திருகைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எஞ்சினைக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"பாகுஸ்! எஞ்சின் பாகுஸ்லா!"

மலாயில், நல்ல எஞ்சின் என்கிறார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு?"

அவர் காதோடு வாயை வைத்தேன்.

"ஐடிலிங் சரியில்லையாம்."

"சொன்னேன்ல," என்றார் அவர், பல நாளுக்குப் பிறகு முகம் தெளிந்து. "நீதான் நம்பல."