டிரைவர் இல்லாத வண்டி

டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் 'டொக்'கென்று ஒரு சத்தம், அப்புறம் நாடா சுற்றும் மெல்லிய கரகரப்பு. அதைக் கேட்டதுமே எனக்கும் அக்காவுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா மஸ்கட்டில் வேலையில் இருந்தார். முக்கூடலில் எங்கள் தெருவிலேயே தொலைபேசி கிடையாது என்பதால், விடுப்பு முடிந்து அங்கே திரும்புகிறவர்களின் கையில் நாங்கள் பேசிப் பதிந்த கேசட்டைக் கொடுத்தனுப்புவோம். "நல்லாருக்கோம், நல்லாப் படிக்கோம்" என்பதைச் சொல்லி முடித்தால் நாடா முக்கால்வாசி மிச்சம் கிடக்கும். அதை நிரப்பத்தான் பஸ் நாடகம் போட ஆரம்பித்தோம்.

எழுதி வைத்துக்கொள்வதெல்லாம் இல்லை, வாய்க்கு வந்ததுதான் வசனம். அக்கா கண்டக்டர், நான் ஜங்ஷனுக்குப் போகும் பயணி. கூடைக்குள் கோழியை ஒளித்துக்கொண்டு ஏறுவேன். "ஏளா, கோழிக்கு யாரு டிக்கெட் எடுப்பா?" என்று அவள் பாய, "அது கைப்புள்ளலா, மடியிலதான இருக்கு" என்று நான் சமாளிக்க, பாதியில் இருவருக்குமே பேச்சு நின்று சிரிப்பு மட்டும் பதிவாகும்.

அம்மா பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். பேசச் சொன்னால், "போங்கட்டி அங்கன" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும், அதைக் கேட்டு அங்கே அவர் சோறு தின்னமாட்டார் என்று அவளுக்குப் பயம். 'உன் குரல் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசக் கூடாதா' என்று அப்பா எழுதிய கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அக்கா அதை எடுத்துப் படித்துவிட்டாள்.

அடுத்த முறை பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஏ யம்மா, பின்னால கீரைக்கட்டோட நிக்கிற யம்மா! எங்க போணும்?" என்றாள் அம்மாவைப் பார்த்து. அம்மா விழித்தாள்.

"நான் எங்கயும் போகல. எங்க வீட்டு ஆளக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றாள் அம்மா, ஏதோ சந்தைக்காரியின் இழுவையோடு.

"ஆளு பேரு?"

"புருசன் பேர எப்பிடிச் சொல்ல, கண்டக்டரே? எடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். வண்டியில ஏறுனா ஒறங்கிருவாவ. எறங்கவேண்டிய எடத்துல பையப் பைய எழுப்பி வுடும்வே."

அம்மா அழவில்லை, சிரித்தாள். அழுதது நாங்கள் இருவரும்தான்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் கேசட் வந்தது. வழக்கமாக இருமலும் புத்திமதியுமாகத் தொடங்குபவர், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "என்ன கண்டக்டரே, இத்தன நாளா டிரைவர் இல்லாமலா வண்டி ஓட்டுதிய? நான் வாரேன். அதுவரைக்கும் அந்த யம்மாவ எறக்கி வுட்ராதிய" என்றார். உண்மைதான்; எங்களுக்கு டிரைவர் என்ற நினைப்பே வந்ததில்லை. சித்திரையில் வந்தவர் அப்புறம் மஸ்கட்டுக்குத் திரும்பவே இல்லை.

இன்று கேசட் சுமந்து போகிறவர்களும் இல்லை, அதைப் பாடவைக்கும் பெட்டியும் வீட்டில் இல்லை. போன புரட்டாசியில் அம்மாவும் போய்விட்டாள். பழைய கேசட்டைப் போனில் ஏற்றித் தருகிறேன், அம்மா குரலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று அக்கா சொன்னபோது அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம்ட்டி. அதுல அவ என்னக் கூட்டிட்டுப் போக வந்து நிக்கா. கேட்டா இப்பவே எந்திச்சுப் போயிருவேன்."