கொதிக்கும் பையில் குளிர்ந்த வேப்

நெரெய்டாவின் பொறாமையை எங்கள் தெருவில் எல்லோரும் அறிவார்கள். வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய வாடிக்கைக்காரி ஒருத்தி வெளியூர் போன இடத்தில் முடி நுனியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே நெரெய்டா சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். "யாருடி கை வெச்சது?" என்றாள். பக்கத்து வீட்டு நாய் அவள் கணவன் உபால்டோவைப் பார்த்து வாலாட்டினால் நாய்க்கும் திட்டு விழும்.

உபால்டோவுக்கு ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை. சிகரெட்டால் அவன் இரவெல்லாம் இருமியதைப் பொறுக்க முடியாமல், நெரெய்டாதான் எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் கலெக்சிகோவுக்குப் போய் மாம்பழ வாசனையுள்ள வேப் ஒன்றை, பேட்டரியில் புகைக்கிற மின்சிகரெட்டை, வாங்கி வந்தாள். தொழிற்சாலைக்குள் அதைக் கொண்டுபோக அனுமதி இல்லை. காரிலேயே விட வேண்டும். மெக்சிகாலியின் ஜூலை வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் சோளரொட்டியே சுட்டுவிடலாம். முதல் கோடையில் வேப்பின் பேட்டரி தவளை வயிறு போல வீங்கிவிட்டது. அதன் திரவம் நீர்த்து ஒழுகி, இருக்கையில் மாம்பழ வாசனை ஆறு மாதம் போகவில்லை.

இரண்டாவது வேப் வாங்கியபோது நெரெய்டா அதற்கு ஒரு பை தைத்தாள். கார்க் கண்ணாடியில் வெயில் படாமல் வைக்கிற வெள்ளித்தாள் மறைப்பை வெட்டி, உள்ளே கடையின் பழைய துண்டை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தாள். "அணைச்சுட்டு, இதுக்குள்ள போட்டு, சீட்டுக்கு அடியில வை. முன்னால கண்ணாடிகிட்ட வெச்சேன்னு தெரிஞ்சுது, தொலைச்சுடுவேன்" என்றாள். தினமும் மாலையில் அவன் வந்ததும் பையைத் திறந்து தொட்டுப் பார்ப்பாள். வெதுவெதுப்பாக இருக்கும். ஒழுகியிருக்காது. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அன்று மாலையும் பையை எடுத்தாள். வெளிப்புறம் தோசைக்கல்லாகச் சுட்டது. உள்ளே கைவிட்டாள். வேப் குளுகுளுவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். மாம்பழத்தோடு பட்டை வாசனையும் வந்தது. பட்டை போட்ட காபி குடித்தால் அவளுக்கு நெஞ்செரியும் என்பதால் வீட்டில் பட்டையே கிடையாது.

மறுநாள் பிற்பகல் கடையில், உதவிக்கு இருக்கும் சாயோவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"காருல ஏசி போட்டுட்டு வந்திருப்பாருக்கா" என்றாள் சாயோ.

"அந்த ஏசி செத்து ரெண்டு வருஷமாச்சு. பை சுடுது, உள்ள இருக்கிறது ஜில்லுனு இருக்கு. எவளோ ஒருத்தி பத்திரமா வெச்சிருந்து, கிளம்புற நேரத்துல குடுக்கிறா."

சாயோவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஃபேக்டரி கேட்டுல யெசேனியான்னு ஒரு செக்யூரிட்டிப் பொண்ணு இருக்காளாம். அவ அறையில ஏசி இருக்குதாம். ஆம்பளைங்க எல்லாம் வேப்பை அவகிட்டதான் குடுத்துட்டுப் போறாங்களாம்."

நெரெய்டா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். பாதி சாயம் பூசிய தலையோடு இருந்த பெண்ணைச் சாயோவிடம் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தாள்.

யெசேனியா மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேசைமேல் முட்டை அட்டை ஒன்று. குழிக்கு ஒன்றாக வேப்கள், ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய ஒட்டுநாடா.

"உபால்டோவா? பல்லுல சந்து இருக்குமே, சிரிச்சா அழகா இருப்பாரே, அவரா?"

"அவன் பல்லை நீ எதுக்குடி பார்த்த?"

"அவர் சிரிக்கிறாருக்கா, நான் என்ன கண்ணையா மூடிக்குவேன்? அவர் என்கிட்ட ஒரு நாளும் குடுத்ததில்ல. கேட்டா, வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்னுவாரு."

"எந்த வீட்டுல?"

யெசேனியா மாங்காயை மெல்லுவதை நிறுத்தினாள்.

நெரெய்டா கடைக்குத் திரும்பவில்லை. டாக்ஸியிலேயே உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து உபால்டோவின் வெள்ளைக் கார் வெளியே வந்ததும், "அதோ, விட்டுடாதீங்க" என்றாள். கார் நகரத்துக்குள் நுழைந்து எங்கள் பேட்டைப் பக்கமே வந்தது. எங்கள் தெருவுக்கு மூன்று தெரு முன்னால் திரும்பி, ஒரு பச்சை இரும்புக் கதவின் முன் நின்றது.

அந்தக் கதவு நெரெய்டாவுக்குத் தெரியும். அவள் மாமியார் தோன்யா குகாவின் வீடு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞானஸ்நான விருந்துக்காக மாமியாருக்கு அவள்தான் முடி வெட்டிவிட்டாள். "என்னை உரிச்ச கோழியாக்கிட்டா" என்று தோன்யா குகா உறவினர் எல்லோர் முன்பும் சொன்னாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"இறங்குறீங்களா, இல்ல இன்னும் சுத்தணுமா?" என்றார் டாக்ஸிக்காரர்.

சமையலறையில் உபால்டோ காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் பட்டை போட்டு வைக்கும் மண்ஜாடி. அதற்குள் அவன் வேப். அடுப்பருகில் தோன்யா குகா நின்றாள். யெசேனியாவாக இருந்திருந்தால் நெரெய்டா முடியைப் பிடித்திருப்பாள்.

"எத்தனை நாளா?"

"மே மாசத்துலேர்ந்து" என்றான் உபால்டோ. "காலையில இங்க வெச்சுட்டுப் போயி, சாயங்காலம் எடுத்துக்குவேன். முன்னெல்லாம் மேசைமேல கிடக்கும், நேத்துதான் அம்மா ஜில்லுனு இருக்கட்டும்னு ஜாடிக்குள்ள போட்டாங்க. நீ தச்ச பை நல்ல பைதான். இந்த வெயிலுக்கு அது என்ன பண்ணும் பாவம்?"

"அதனாலதான் வெறும் பையைக் காருலயே கொதிக்க விட்டுட்டு, வர்ற வழியில இதை உள்ள போட்டு என்கிட்ட நீட்டினியா?"

"அவன்கிட்ட கத்தாத" என்றாள் தோன்யா குகா. "இங்க வர அவனுக்கு ஒரு சாக்கு வேணும். அம்மா கையால காபி குடிக்கப் போறேன்னு சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும். மாமியார் அடுப்புப் பக்கம் திரும்பியதும் நெரெய்டா அவள் பிடரியைப் பார்த்தாள்.

"இது யார் வெட்டினது?"

"உனக்கெதுக்கு?"

"சொல்லுங்க அத்தை. யாரு?"

"சந்தைப் பக்கம் ஒருத்தி."

"இடது பக்கம் ரெண்டு விரல் தூக்கியிருக்கு. சாயம் காதுல வழிஞ்சிருக்கு. இவகிட்டயா தலையைக் குடுத்தீங்க?"

அன்று அவள் குரலில் இருந்த வேதனை, மண்ஜாடியைப் பார்த்தபோதுகூட இல்லையென்று உபால்டோ பிறகு சொன்னான்.

மறுநாள் காலை அவன் கிளம்பும்போது நெரெய்டா கையை நீட்டினாள். "குடு. நானே அங்க வெச்சுட்டு வர்றேன். உனக்கு நேரமாகும்ல." அன்றிலிருந்து வேப்பை வெள்ளித்தாள் பையில் போட்டு அவளே மூன்று தெரு நடந்து கொண்டுபோகிறாள். மாலையில் அவளே எடுத்து வருகிறாள். உபால்டோவுக்கு அந்தப் பக்கம் போக இப்போது ஒரு காரணமும் இல்லை. பட்டைக் காபி குடித்து நெஞ்செரிந்தாலும் அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன சனிக்கிழமை தோன்யா குகா எங்கள் தெருக் கடையில், நெரெய்டாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் எதற்கோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உபால்டோ எட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, நீ போ" என்றாள் தோன்யா குகா.

அவன் வெளியே வந்து, துண்டு உலர்த்திக்கொண்டிருந்த சாயோவின் பக்கத்தில் நின்றான். வேப்பைக் கையில் வைத்திருந்தான், இழுக்கவில்லை.

"தினமும் காலையில எங்கம்மா வீட்டுல எவ்வளவு நேரம் இருக்கா இவ?" என்று கேட்டான். "அப்படி என்னதான் பேசுறாங்களாம்?"