மச்சம் தின்ற மாடு

புத்தூரில் எங்கள் வீட்டு வளவில் நின்ற சிவப்பிப் பசு என் மச்சாளுடையது. மச்சாள் என்றால் கணவரின் அக்கா. நான் வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்குப் போகுமுன்பே மாடு வந்துவிட்டபடியால் அதற்கு அங்கே என்னைவிட மரியாதை அதிகம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு செம்பு பால் ஒழுங்கைச் சந்தின் முடிவில் இருந்த பிள்ளையாருக்குப் போகும். மீன் சட்டி தொட்ட கை அந்தச் செம்பில் பட்டால், மச்சாள் உடனே புளி போட்டு மினுக்கத் தொடங்கிவிடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரில் அரசு போட்ட பொருளாதாரத் தடை இறுகியது. டீசல் இல்லாமல் மில்கள் நின்றன. புண்ணாக்கு கண்ணில் படவில்லை. மாடு வைக்கோலையும் கிழித்த பனையோலையையும் மென்றுகொண்டு நின்றது, மடி சுருங்கிப்போனது. அந்த நேரம் பார்த்து எனக்கும் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. கடைகளில் பால்மாவும் இல்லை. என் மகளுக்கு அப்போது பல்லுக்கூட முளைக்கவில்லை. அவள் பசியில் அழும்போது மாட்டின் மேலும் கோபம் வரும், என் மேலும் கோபம் வரும்.

கணவருக்கு அப்போதுதான் அறைமூலையில் கிடந்த சோள மூட்டை நினைவுக்கு வந்தது. வன்னியிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்தது. அவிழ்த்துப் பார்த்தால் சோளத்தைவிட வண்டு அதிகம். அடியில் பூஞ்சணம் பிடித்திருந்ததை அவர் அள்ளிக் குப்பைக் கிடங்கில் கொட்டினார். மற்றதை மணந்து பார்த்துவிட்டு, இதில் வெறும் வண்டுதான், அவித்து வைத்தால் மாட்டுக்கு ஒன்றும் செய்யாது என்றார்.

மச்சாள் தொழுவ வாசலில் குறுக்கே வந்து நின்றார்.

“வண்டும் ஒரு உயிர்தானே? மாட்டுக்கு மச்சம் தீத்திப்போட்டு அந்தப் பாலைப் பிள்ளையாருக்கு வாக்கச் சொல்லுறியோ?”

மீனையும் இறைச்சியையும் எங்களூரில் மச்சம் என்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புல்லோடு சேர்த்து மாடு தினமும் விழுங்குகிற எறும்பெல்லாம் சைவமா என்று கேட்க வாயெடுத்தேன். கணவர் என்னை அடுப்படிக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று பழமொழி சொன்னார். எந்த மாட்டைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தபடியால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் காலை, கோயில் ஐயரிடமே கேட்டு முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டு மச்சாள் புறப்பட்டார். ஐயர் ஓம், குடுக்கலாம் என்பார் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை. வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முற்றத்து வெயிலில் பாயை விரித்துச் சோளத்தைக் கொட்டினார். சுளகை எடுத்தார். சூடு தாங்காமல் வண்டுகள் ஓட, கோழிகளுக்குக் கலியாண வீடுதான்.

புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “ஐயரம்மாவும் முத்தத்திலை வண்டுச் சோளம்தான் புடைச்சுக்கொண்டிருக்கிறா. தங்கடை மாட்டுக்காம்.”

“ஐயரிட்டைக் கேட்டனீங்களோ?”

“இனி என்னத்தைக் கேக்கிறது? நானும் இருந்து புடைச்சுக் குடுத்திட்டு வந்தனான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பல நாட்களுக்குப் பிறகு அந்த முற்றத்தில் சிரித்தோம்.

சோளம் கூடினால் மாட்டுக்கு வயிறு ஊதும் என்று கொஞ்சமாகத்தான் அவித்தோம். முதலில் முகத்தைத் திருப்பிய மாடு, உப்புச் சேர்த்ததும் தொட்டியையே நக்கியது. மெல்ல மெல்ல மடியில் பால் ஊறத் தொடங்கியது.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தபோது அரைச் செம்புதான் தேறியது. பிள்ளைக்கும் பிள்ளையாருக்கும் அது காணாது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். மச்சாள் நேரே உள்ளே போய், பிள்ளைக்குப் பால் காய்ச்சும் சட்டிக்குள் செம்பைக் கவிழ்த்தார்.

“மச்சாள், கோயிலுக்கு?”

“அவருக்குக் கொம்பே முளைச்சிட்டுது. இவளுக்கு இன்னும் பல்லும் முளைக்கேல்லை. அவர் பொறுப்பார்.”

நான் அழுதுவிட்டேன். அவர் செம்பை அலம்பி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, வேலியோரம் கொஞ்சம் அறுகம்புல் பிடுங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.