பதினொரு கையெழுத்து

கமலவேணியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கெட்ட பழக்கம் என்றதும் நீங்கள் என்னென்னவோ நினைத்துக்கொள்ளாதீர்கள். அவள் எழுதுகிற காகிதம் அரைகுறையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பெயர் என்றால் தகப்பன் பெயர் வேண்டும். வயது வேண்டும், தொழில், தொழில் பார்க்கும் இடம், வீட்டு நம்பர், கடைசியில் கையெழுத்து. பதினெட்டு வயதில் பிரெஞ்சு முறைப்படி பத்திரம் எழுதிப் பதியும் ஒரு நொத்தேரின் ஆபீசில் நகலெடுக்கப் போனவள் அவள். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி வருஷக்கணக்காகியும், அந்த நொத்தேர் முசே ஒரு சாட்சியின் விவரத்தில் ஒன்று குறைந்தாலும் முழுப் பத்திரத்தையும் கிழித்துக் கையில் கொடுப்பார். மூன்று வருஷம் அப்படிக் கிழிபட்டால் யாருக்குத்தான் படியாது?

அப்புறம் எப்படியோ முட்டி மோதி எம்.எஸ்ஸி. படித்து, டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி டீச்சராகிவிட்டாள். எண்பத்து மூன்றில் அவளுக்கு வயது முப்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. முதலியார்பேட்டையில் அண்ணன் முருகையன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணி ஆயம்மா, அவர்களுடைய ஆறு வயது மகள் செல்வாம்பாள். முருகையனுக்குத் தெருக்கோடியில் இருந்த சாயக் கம்பெனியில் வேலை. அவனுக்கு மட்டுமா? அந்தத் தெருவே அங்கேதான் கஞ்சி குடித்தது.

செல்வாம்பாளின் விரலிடுக்கில் முதலில் புண் வந்தது. சொறி என்று வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். ஆறவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்தது, எதிர்வீட்டுக் கிழவிக்கு வந்தது. கமலவேணி ஒருநாள் வீட்டு அடிபம்புத் தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டு போய், லேபில் மருந்து விட்டுப் பார்த்தாள். சோதனைக் குழாய்க்குள் தண்ணீர் ஊதா நிறமாக மாறியது. குரோமியம். சாயக் கம்பெனி பின்பக்கக் குட்டையில் விடுகிற தண்ணீர் தரைக்குள் இறங்கி வீடுவீடாக வந்து சேர்ந்திருந்தது.

"அண்ணி, இந்தத் தண்ணி இனிமே வாயில படக்கூடாது. குளிக்கக்கூட வேணாம்" என்றாள் அன்று சாயங்காலம். ஆயம்மா ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பம்புக் கைப்பிடியைச் சாக்குப் போட்டு இறுக்கிக் கட்டினாள். அன்று முதல் இரண்டு தெரு தள்ளி இருந்த முனிசிபாலிட்டி குழாயில் நாலு குடம் சுமந்தாள். இடுப்பு விட்டுப்போகிறது என்று தினம் ஒரு பாட்டு பாடுவாள்தான். ஆனாலும், "வேணி படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அக்கம்பக்கத்திலும் சொல்லி வைத்தாள்.

ஊதா நிறம் கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா? எவ்வளவு இருக்கிறது என்று கணக்காகச் சொல்ல ஒரு கருவி வேண்டும். கல்லூரியில் அது இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றறிக்கை வந்தது: 'ஆசிரியர் புதுமுயற்சி நிதி'. மாணவர்களை வைத்துப் புதிதாக ஏதாவது செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் வேண்டிய சாமானைக் கல்லூரியே வாங்கித் தரும். கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. 'மாணவர்கள் தங்கள் தெருத் தண்ணீரைத் தாங்களே சோதித்தறிதல்' என்று தலைப்புப் போட்டு நாலு பக்கப் படிவத்தை எழுத உட்கார்ந்தாள்.

அதில் ஒன்பதாவது கேள்வி: வெளியார் ஒத்துழைப்பு உண்டா? சான்று இணைக்கவும்.

மற்ற ஆசிரியர்கள் 'உண்டு' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு வீட்டுப் படியேறினாள். ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் ஒரு சீசாவில் பிடித்து, வீட்டுக்காரன் பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதி, 'என் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க மனமொப்பிக் கொடுத்தேன்' என்று கையெழுத்து வாங்கினாள். முதல் பெயர் முருகையன். தொழில் பார்க்கும் இடம் என்ற கட்டத்தில் பதினொரு தடவையும் ஒரே சாயக் கம்பெனியின் பெயர்தான் வந்தது. அதை எழுதும்போது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, பாருங்கள்! கட்டம் நிரம்பியதே என்ற சந்தோஷம்தான்.

ஐந்தாவது வீட்டு அம்மாவாசை மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "இதுல ஒண்ணும் வம்பு வராதே தங்கச்சி?"

"காலேஜுக்குப் போற காகிதம்ண்ணே. கம்பெனிக்கா போவுது?" என்று சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே போட்டான்.

துறைத் தலைவர் பக்ருதீன் சார் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பேரெல்லாம் எதுக்கும்மா? வீடு ஒண்ணு, வீடு ரெண்டுன்னு நம்பர் போட்டாப் போதுமே."

"நம்பர் போட்டா யார் சார் நம்புவாங்க? நானே உக்காந்து எழுதிட்டேன்னு சொல்லிடுவாங்க."

"இது யார் யார் கைக்குப் போவும்னு நமக்குத் தெரியாதும்மா."

"பிரின்சிபால்தானே சார் பாப்பாரு?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

பத்தாம் நாள் கூப்பிட்டது பிரின்சிபால் அல்ல. கல்லூரிச் செயலாளர் அரிகிருஷ்ணன். அவருடைய அறைக்குள் கமலவேணி நுழைந்ததும் மேஜைமேல் சாய நூல் துண்டுகள் வரிசையாக ஒட்டிய அட்டை ஒன்று கண்ணில் பட்டது. மேலே சாயக் கம்பெனியின் பெயர்.

"உக்காருங்க மேடம். மச்சான் கம்பெனி. பேருக்கு அவன், பாத்துக்கறது நான்தான்" என்றார் அவர், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து. டீ வரவழைத்தார். "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் குடுத்ததில்லை. பதினொரு பேரும் நம்ம ஆளுங்க. எனக்குக்கூட இவங்க தகப்பன் பேரெல்லாம் தெரியாது." அவர் குரலில் ஒரு கோபம் இல்லை. "உங்களுக்கே நிதி. இந்த லிஸ்ட் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் வந்தது. ஸ்வீட் எங்கே என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். வாங்கிக் கொடுத்தாள். தன் பங்கை மட்டும் அவள் தொடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை முருகையனைக் கம்பெனி கேட்டில் நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அதற்கடுத்த திங்கள் இரண்டாவது வீட்டுக்காரன். மூன்றாவது திங்கள் மூன்றாவது வீடு. நாலாவது ஆள் நின்றபோது தெருவுக்கே புரிந்துவிட்டது. பட்டியலில் எழுதின வரிசை தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே தெருவில் பேச்சுமூச்சு இருக்காது. அந்த வாரம் அம்மாவாசை வாசலில் வந்து நின்றான்.

"தங்கச்சி, நான் எத்தினியாவது நம்பரு?"

கமலவேணியால் தலை நிமிர முடியவில்லை. "அஞ்சுண்ணே."

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, அப்ப நாளைக்கு" என்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

பாவி, நான் என்ன காரியம் பண்ணிட்டேன் என்று அடித்துக்கொண்டது அவள் மனசு. சோற்றுக்குக் கடன் வாங்கும் வீடு நாலாகிவிட்டது, நாளை ஐந்து. விடிந்ததும் நேரே செயலாளர் வீட்டுக்கே போனாள். அவர் பூஜை முடித்து விபூதியோடு வெளியே வந்தார்.

"அவங்க மேல தப்பில்ல சார். எழுதினது நான்."

"அப்படின்னா அதையே எழுதிக் குடுத்துடுங்க மேடம். தண்ணி அந்த வீடுங்கள்ல பிடிச்சதில்ல, சோதனையும் சரியாப் பண்ணல, தெருத் தண்ணி நல்ல தண்ணின்னு. இன்னிக்கே எல்லாரும் வேலைக்கு வரட்டும். உங்க வேலைக்கும் ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கறேன்."

"தண்ணி நல்லது இல்லையே சார்!"

"உங்க இஷ்டம்" என்று அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழே கால். கம்பெனி சங்கு ஏழரைக்கு ஊதும். அம்மாவாசை இந்நேரம் தூக்குச்சட்டியோடு கேட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான்.

அவர் பேனாவையே வாங்கி எழுதிக் கொடுத்தாள்.

அன்றே ஐந்து பேரும் உள்ளே போனார்கள். மறுநாள் அவள் கடிதம் அச்சாகி, எம்.எஸ்ஸி. பட்டத்தோடு அவள் பெயர் போட்டு, தெருவில் பதினொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டப்பட்டது. சாயங்காலம் கமலவேணி வீட்டுக்குள் நுழையும்போதே பின்கட்டில் அடிபம்புச் சத்தம் கேட்டது. ஓடினாள். சாக்குக் கட்டை அறுத்துப் போட்டுவிட்டு ஆயம்மா தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செல்வாம்பாள் சொம்போடு நின்றாள்.

"அண்ணி, வேணாம்! அந்தக் காகிதத்துல எழுதினது பொய். அவங்க வேலை போவக்கூடாதுன்னு எழுதினேன். அன்னிக்கு நான் சொன்னதுதான் நெஜம்."

ஆயம்மா கைப்பிடியை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை, வெறும் களைப்புதான்.

"அன்னிக்கு விசம்னு சொல்லி எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கின. இன்னிக்கு நல்ல தண்ணின்னு நீயே கையெழுத்துப் போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருக்காங்க. இப்ப வந்து அது பொய்யின்ற. இனிமே நீ சொல்றதுல எதைடி நான் நம்பறது?"

தெருவில் மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாகப் பம்பு அடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆயம்மா நிறைந்த சொம்பை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து தாகத்தோடு வந்த பிள்ளை, நின்ற இடத்திலேயே அண்ணாந்து மடமடவென்று குடித்தது.