முப்பத்தேழாம் அறையில் ஒரு ஜோடி

“கறுப்புப் பட்டை, குதிகால் தேஞ்சது. எட்டு மணி செஸ். வந்தாச்சு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே, செருப்பு ஸ்டாண்டின் பன்னிரண்டாம் அறையில் கோணலாகக் கிடந்த செருப்பை ஒரே விரலால் நேராக்கிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார் ஸ்டாண்டு அக்கா. செருப்பின் சொந்தக்காரர் போகிற போக்கில் அவருக்கு வணக்கம் சொன்னார். அது அக்காவின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் பார்வை அதற்குள் படியேறி வரும் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டது.

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அந்தச் சமூகக்கூடம் இரண்டு மாதம் மூச்சுவிடாது. ‘மூன்று வயது முதல் எண்பது வயது வரை’ என்று வாசலில் பலகை வைத்துவிடுவார்கள். காலையில் செஸ், ஓவியம். மதியம் கதை வாசிப்பு. மாலையில் முற்றத்தில் நடனம். பின்பக்கம் இருக்கும் நீச்சல் குளத்தில் மணிக்கு ஒரு கூட்டம் இறங்கி ஏறும். குழந்தைகள் ஒரு மணி, பெண்கள் ஒரு மணி, ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் ஒரு மணி. எங்கே போவதானாலும் வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் அறுபது அறைகள் கொண்ட மரத்தாலான செருப்பு ஸ்டாண்டு. செருப்பை உள்ளே வைத்துவிட்டு, அறையில் தொங்கும் வட்ட டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது டோக்கனை மாட்டிவிட்டுச் செருப்பை எடுக்க வேண்டும். எதிரே நாற்காலி போட்டு அதைக் கவனிப்பதுதான் அக்காவின் வேலை. பதினோரு கோடைகளாகக் கவனிக்கிறார்.

செருப்பு என்ற சொல்லை ஒருவர் பெயரோடு ஒட்டினால் கைகலப்பு வந்துவிடும் நம் மொழியில். அதனால் யாரோ ஒரு புண்ணியவான் அதை நாசூக்காக ‘ஸ்டாண்டு’ ஆக்கிவிட்டார். அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை. அவருக்கு மற்றவர்களின் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. ஒருமுறை காய்கறிக் கடையில் நடன ஆசிரியை அவர் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். அக்கா திருதிருவென்று விழித்தார். பிறகு தற்செயலாகக் குனிந்து பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “அட, வெள்ளி பக்கிளா நீங்க? ஆளே தெரியலையே” என்றார். கடைக்காரர் எடை போடுவதை மறந்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆனால் செருப்பைப் பார்த்து அக்கா சொல்லும் சேதிகளைக் கேட்டால் வாயடைத்துப் போவோம். கணவன் மனைவி எப்போதும் ஒரே அறையில் செருப்பை வைப்பவர்களாக இருந்து, ஒருநாள் தனித்தனி அறையில் வைத்துவிட்டால், “ரெண்டு நாள் ஆகும்” என்பார். மூன்றாம் நாள் நான்கு செருப்பும் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். வேலைக்குப் போகும் வழியில் ஷூவோடு வந்துபோகும் ஒருவர் ஒரு வாரநாளில் பத்து மணிக்கு ரப்பர் செருப்பில் வந்தபோது, “பாவம், வேலை போயிடுச்சு” என்று முணுமுணுத்தார். அந்த மனிதர் அதைத் தன் வீட்டில்கூட அப்போது சொல்லியிருக்கவில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்கு. அக்காவின் உண்மையான வேலை ஒவ்வொரு மணியின் முடிவிலும் வரும். குளத்திலிருந்து எல்லோரும் வெளியேறியதும் அவர் எழுந்து அறுபது அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் இப்படிப் பார்த்தபோது ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்றார்கள் எல்லோரும். வெறுங்காலோடு யார் வீட்டுக்குப் போவார்கள் என்று கேட்டு, குளியலறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார் அக்கா. கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு கல்லூரி மாணவி மயங்கிக் கிடந்தாள். பிழைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அக்கா வைத்ததுதான் சட்டம். “செருப்பு இருந்தா ஆள் இருக்கு” என்பார். அவர் தலையசைக்காமல் அடுத்த கூட்டம் தண்ணீரில் கால் வைக்க முடியாது.

அக்காவின் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து எழுந்து வந்தார். அதிலிருந்து அக்கா அவரை ஒரு வாளி தண்ணீர் தூக்க விட்டதில்லை. கடையை மூடவைத்து, வேலை மேசையை வீட்டு ஜன்னலோரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். பிய்ந்துபோன அவருடைய பழுப்புச் செருப்பை, கடைத்தெரு வரை நடக்க விடாமல், தானே தைத்துக் கொடுத்தார். வீட்டில் பழுப்பு நூல் இல்லை. கறுப்பு நூலில் தைத்தார்.

தண்ணீருக்குள் நடப்பது இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா நாலாக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார். “டாக்டர் சொல்லிட்டுப் போயிடுவார். ஏதாவது ஆச்சுன்னா நான்தானே நிக்கணும்” என்று அதோடு பேச்சை முடித்துவிட்டார். கணவரும் மறுபேச்சுப் பேசவில்லை. மாலை நான்கு மணிக்குப் படுத்துத் தூங்கச் சொன்னார் அக்கா, அவர் சரி என்றார். ஐந்தரைக்கு அக்கா போன் செய்து எழுந்தாயிற்றா என்று கேட்பார். இப்போதுதான் என்று பதில் வரும்.

அந்தக் கோடை முகாமின் பத்தொன்பதாம் நாள் குளத்து பம்ப் மக்கர் செய்தது. தண்ணீர் கலங்கி, அடித்தரை தெரியவில்லை. நான்கு முதல் ஐந்து மணி வரை ஐம்பத்தைந்து தாண்டியவர்களின் நேரம். இடுப்பளவுத் தண்ணீரில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடப்பார்கள். கடைசி நாளன்று இதில் ஒரு போட்டி உண்டு என்பதால் எல்லோரும் இளந்தாரிகளாகிவிட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு அவர்கள் கலைந்தபோது, அடுத்த மணிக்கு முன்னதாகவே வந்து வாசலில் குதித்துக்கொண்டிருந்த வாண்டுகளின் கையில் பெயர்ப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார் அக்கா. குனிந்த தலையைத் தாண்டிக் கால்கள் போயின. பிறகு எழுந்து வழக்கம்போல அறைகளைப் பார்த்தார்.

முப்பத்தேழாம் அறையில் ஒரு ஜோடி இருந்தது. நீல நிறம், புதியது. டோக்கனைக் காணோம்.

அந்தச் செருப்பை அக்காவுக்குத் தெரியும். முகாமின் முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. “இந்த நீலம் கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு நடக்கிற ஆள்” என்று ஒருநாள் நீச்சல் மாஸ்டரிடம்கூடச் சொல்லியிருந்தார். மாஸ்டர் அன்று என்னவோ சட்டென்று பேச்சை மாற்றிவிட்டார். இப்போது அவர் மறுநாள் பட்டியலை வாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார்.

குளியலறைகளில் யாரும் இல்லை. உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை. அக்கா குளத்தைப் பார்த்தார். கலங்கிய தண்ணீர் அசையாமல் கிடந்தது. குழந்தைகளை வெளியே கொண்டுபோகச் சொன்ன குரல் அவருடையது போலவே இல்லை என்று பிறகு ஒரு தாய் சொன்னார். கரையில் உட்கார்ந்து பம்பைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஆழமான பக்கம் குதித்தார். ஒருமுறை மூழ்கி எழுந்தார். ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரித்தார்.

அடுத்து நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதை நம்ப முடியாமல் பேசுகிறார்கள். பதினோரு ஆண்டுகளில் பாதம்கூட நனைத்திராத அக்கா, நீச்சல் தெரியாத அக்கா, உடுத்திய துணியோடு ஏணியைப் பிடித்துக் குளத்துக்குள் இறங்கிவிட்டார். ஒரு கையால் கரைக் கம்பியைப் பற்றிக்கொண்டு, காலால் தரையைத் துழாவித் துழாவி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் கால் ஒரு உடம்பில் இடறப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.  கண்ணெதிரே, தன் காவலில், ஒரு உயிர் போய்விட்டது என்றே அக்கா நினைத்துவிட்டார். “தெய்வமே, காலில் படக்கூடாது, காலில் படக்கூடாது” என்று உதடு முணுமுணுத்தது. தேடுவதும் அவர்தான், கிடைக்கக்கூடாது என்று வேண்டுவதும் அவர்தான்.

மாஸ்டர் ஓடிவந்தார். முப்பத்தேழாம் அறையைப் பார்த்தார், தண்ணீரில் நின்ற அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பதற்றம் போய் வேறு ஏதோ வந்தது.

“அக்கா, மேல வாங்க. அவர் போயிட்டார். இப்பதான் வாசல்ல பார்த்தேன்.”

“யாரு போயிட்டார்?”

மாஸ்டர் கரையில் குனிந்து அக்காவுக்குக் கை நீட்டினார். இன்னும் கிளம்பாமல் நின்ற நான்கைந்து பெரியவர்கள் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

“உங்க வீட்டுக்காரர்தான், அக்கா.”

“அவர் வீட்ல தூங்குறார்” என்றார் அக்கா, மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி, மிகவும் நிதானமாக. “அவர் தண்ணில இறங்க மாட்டார்.”

“பத்தொன்பது நாளா இறங்குறார்.”

அக்காவை இரண்டு பேர் பிடித்து மேலே ஏற்றி, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கியது. மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் சீட்டின் நகல் ஒன்றை அவர் கொண்டுவந்து காட்டியதை. மனைவிக்குத் தெரியக்கூடாது என்று புதுச் செருப்பு வாங்கியதை. வீட்டிலிருந்து பழைய செருப்பில் வந்து, தெருமுனையில் புதியதற்கு மாறி, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவதை. போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதை. கூட்டத்தில் வயதில் சிறியவர் என்பதால் எல்லோரும் அவரைத் தம்பி என்று கூப்பிடுவதை. அந்த மணி நேரத்துக்கு வரும் பதினேழு பேருக்கும் இது தெரியும். தினமும் அக்கா யாருடைய செருப்பைக் கோணாமல் வைத்தாரோ அந்தப் பதினேழு பேருக்கும்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர்ப் பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது குனிந்த தலையைத் தாண்டிப் போன கால்களில் ஒரு பழுப்புச் செருப்பு இருந்தது. பெருவிரலோரம் கறுப்பு நூல் தையல். அதை அவர் பார்த்தார். நம் வீட்டுச் செருப்பு மாதிரியே இருக்கிறதே என்றுகூட நினைத்தார். நினைத்துவிட்டு அடுத்த முடிச்சைப் போட்டார். மனிதர் மறதியாகப் பையிலிருந்த பழையதை உள்ளேயே மாட்டிக்கொண்டு, டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியிருக்கிறார்.

“பார்த்தேன்” என்றார் அக்கா.  அன்று ஐந்தரைக்கு அவர் போனும் செய்யவில்லை.

வீட்டில் கணவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தார். அக்கா நேரே போய், பரப்பியிருந்த பற்சக்கரங்களுக்குப் பக்கத்தில், மேசைமேலேயே அந்த நீலச் செருப்பை வைத்தார். அவர் அதைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, துணி எப்படி நனைந்தது என்று கேட்டார்.

“தண்ணிக்குள்ள உங்களைத் தேடினேன்” என்றார் அக்கா.

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். விரலால் ஒரு பற்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: “முதல் நாள் கை காலெல்லாம் உதறுச்சு. உனக்கு நேர் எதிர்லதான் நின்னு கழட்டினேன். ஒரு தடவை நீ நிமிர்ந்து பார்த்திருந்தா அன்னைக்கே மாட்டிக்கிட்டிருப்பேன். தினமும் நீ பார்ப்பே, பார்ப்பேன்னுதான் வந்தேன்.”

அக்காவுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. அவர் ஏமாற்றியதைவிட இதுதான் அதிகம் வலித்தது. உலகத்தில் உள்ளவர்களின் வேலை போனதையும் சண்டை வந்ததையும் செருப்பில் படித்தவர், இரண்டு ஆண்டுகளாக மூச்சை எண்ணி எண்ணிக் காத்த மனிதரைப் பத்தொன்பது நாள் கண்முன்னால் நடமாடவிட்டு யாரோ ஒரு நீலம் என்று நினைத்திருக்கிறார். சமையலறைக்குப் போனவர் அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார். பிறகு அரிசி டப்பாவை நகர்த்தி, அந்தச் சீட்டை எடுத்துப் பிரித்து, முதல் முறையாகக் கடைசி வரி வரை படித்தார்.

மறுநாள் கூடத்துக்கு வந்தவர்கள் வாசலில் திடுக்கிட்டார்கள். அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளி பக்கிள் ஆசிரியைக்கு முன்பல்லில் ஒரு இடைவெளி இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தார். செஸ்காரர் இவ்வளவு இளைஞரா என்று வியந்தார். பதினேழு பேரில் சிலர் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், தப்பாக வேறு அறையில் செருப்பை வைத்தார்கள்.

நான்கு மணிக்கு ஒரு பழுப்புச் செருப்பு படியேறி வந்து, ஸ்டாண்டுக்கு முன்னால் தயங்கி நின்றது. அந்த ஒரு முகத்தை மட்டும் அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியவர்கள் பின்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். கணவர் சட்டைப் பையிலிருந்து நேற்றைய டோக்கனை எடுத்து முப்பத்தேழில் மாட்டினார். செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தார். மறுபடி டோக்கனை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடம் மனைவி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, வெறுங்காலோடு குளத்தை நோக்கி நடந்தார்.

அக்கா எழுந்தார். முப்பத்தேழாம் அறையிலிருந்து அந்தச் செருப்பை எடுத்துவந்து தன் நாற்காலிக்கு முன்னால் தரையில் போட்டார். உட்கார்ந்து, அந்த மணி நேரம் முடியும்வரை, தன் இரண்டு பாதங்களையும், நழுவிவிடாமல் பிடித்துவைப்பதுபோல், அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.